நாற்பது நாள் மூடியிருந்த பியர்

முதன்முதலாக அவர் என் வீட்டுக் கதவைத் தட்டியது ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. கையில் ஒரு கண்ணாடித் தம்ளர், அதன்மேல் மூடியாக ஒரு பீரிசு. புதிதாகக் குடிவந்தவர்களுக்குப் பாயாசம் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து முகத்தை மலர்த்தி வைத்துக்கொண்டேன்.

“தம்பி, நீர் சைவம்தானே?” என்று கேட்டார்.

ஓம் என்றேன். கனடாவில், ஸ்காபரோவில் அந்த அடுக்குமாடிக்கு வந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. சமயம் விசாரித்துக்கொண்டு வருபவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருந்தேன்.

“நல்லதாப் போச்சு. அப்ப இதிலை ஒரு மிடறு குடிச்சிட்டுச் சொல்லும், இனிப்பு நிக்குதோ போட்டுதோ எண்டு.”

பீரிசைத் தூக்கினார். உள்ளே பியர். செம்பழுப்பு நிறம், மேலே விரல் தடிப்பில் நுரை. கொத்தமல்லி மணத்தது. குசினியிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, காலமை வேளையில் ஆர் ரசம் கொண்டுவந்தது என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். அவர் வேதக்காரர். ஈஸ்டருக்கென்று வருஷத்தில் ஒருமுறை வீட்டிலேயே பியர் காய்ச்சுவார். விபூதிப் புதன் அன்று கோயிலுக்குப் போய், நெற்றியில் சாம்பலோடு திரும்பி வந்து, போத்தில்களுக்கு மூடி அடிப்பார். உயிர்த்த ஞாயிறு காலை பூசை முடிந்த பிறகுதான் திறப்பார். இடையிலுள்ள தபசுகாலம் முழுக்க அது எப்படி வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஆனால் அவர் வாயில் வைக்க மாட்டார். மற்ற வேதக்காரரிடம் நீட்டினால் அவர்களுக்குப் பாவம். ஆகவே ஒரு சைவக்கார நாக்கு தேவைப்பட்டது. எங்கள் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் தட்டியிருக்கிறார்.

நான் ஒரு மிடறு குடித்தேன். தேன் போல ஒரு இனிப்பு நாக்கில் நின்றது. ஆனால் முதன்முதலாக வீட்டுக்கு வந்த மனுசர், தானே செய்து கொண்டுவந்து தந்திருக்கிறார். குறை சொல்ல வாய் வருமா? இனிப்பே இல்லை அண்ணை, நல்லா இருக்கு என்றேன். அவர் சந்தோஷமாகப் போய்விட்டார்.

அந்த மரியாதைக்கு நான் கொடுத்த விலை எட்டு நாளில் தெரிந்தது. பியரில் இனிப்பு நிற்கிறதென்றால் புளிக்க வைக்கும் ஈஸ்ற் இன்னும் சீனியைத் தின்று காற்றை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். நான் உள்ளதைச் சொல்லியிருந்தால் ஒவ்வொரு மூடியையும் கழற்றிக் காற்றை விட்டு மறுபடி அடித்திருப்பார். நான்தான் இல்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தேனே. அடுத்த ஞாயிறு மத்தியானம் அவருடைய அறையில் உடுப்புக் கொழுவும் குளோசற்றுக்குள் மூன்று போத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தது.

எங்கள் மாடியில் அப்போது ஐந்து தமிழ்க் குடும்பங்கள். ஐந்து குடும்பமும் ஒரே கணத்தில் நிலத்தில் படுத்தோம். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை, ஊரில் குண்டுச் சத்தத்துக்குப் படுத்துப் பழகிய உடம்புகள். என் மனைவி என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்துச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே தள்ளினாள், நான் சோற்றுக் கோப்பையை விடாமல் பிடித்தபடி படுத்திருந்தேன். அதற்குப் பிறகு சத்தம் ஒன்றும் வரவில்லை. மெல்ல எழும்பிக் கதவைத் திறந்தால், எதிர்வீட்டுக் கதவும் அதே அளவு திறக்கிறது. நடைபாதை முழுக்கக் கொத்தமல்லி மணம். அதன் நடுவே இடுப்பில் நனைந்த சாரத்தோடு அவர் நின்று, ஒன்றுமில்லை, பியர்தான், படுக்கத் தேவையில்லை என்று ஒவ்வொரு கதவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எங்களை அப்படிப் படுக்க வைத்ததற்காக அந்த வருஷம் ஈஸ்டருக்கு ஐந்து வீட்டுக்கும் மும்மூன்று போத்தில் கொடுத்தார். அது பிறகு வழக்கமாகிவிட்டது.

என்னிடம் வந்து அவர் கோபிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “தம்பி, இனி நல்லா இருக்கு எண்டு மட்டும் சொல்லாதேயும். என்ன இருக்கு எண்டு சொல்லும்.” அன்றிலிருந்து அவர் முன்னால் ‘நல்லா இருக்கு’ என்ற சொல் எனக்குத் தடை. மூன்று வருஷம் அவருடைய பியருக்கு நான்தான் நாக்கு.

கட்டடத்தில் அவருக்குப் பெல்ஜியம் அண்ணை என்று பெயர். சொந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நான் செய்த காரியமும் சேர்ந்து பக்கத்துப் பட்டணமான மார்க்கம் வரை போய்விடும். கனடா வருவதற்கு முன் நாலு வருஷம் பெல்ஜியத்தில் ஒரு சின்னப் பட்டணத்தில் இருந்தவர். அகதிக் கேஸ் முடியும்வரை அங்கே ஒரு பியர் காய்ச்சும் இடத்தில் போத்தில் கழுவியிருக்கிறார். குடிகாரனை அப்படியொரு இடத்தில் வேலைக்கு வைத்தால் என்ன நடக்கும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கழுவ வந்த போத்தில்களின் அடியில் மிஞ்சியிருந்ததையும் விடவில்லையாம்.

ஒரு தபசுகாலத்தில் ஏதோ வைராக்கியம் வந்து குடியை நிறுத்தியிருக்கிறார். உயிர்த்த ஞாயிறு காலை முதலாளியின் மனைவி, வேலைக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு, ஈஸ்டருக்கென்று காய்ச்சிய பியரில் ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தாள். அதுவரை அவர் எவ்வளவோ குடித்திருந்தும் ஒரு நாளும் ருசித்ததில்லையாம். அந்த ஒரு கிளாசைக் குடித்து முடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. இனி வருஷத்தில் இந்த ஒரு நாள், இந்த ஒரு கிளாஸ் என்று அங்கேயே முடிவெடுத்துவிட்டார். “மற்றாக்களுக்குத் தபசு நாப்பது நாள். எனக்கு வருஷம் முழுக்க” என்பார்.

அந்த நாட்டில் பெரிய வியாழன் தொடக்கம் கோயில் மணிகள் அடிக்காது. மணிகள் எல்லாம் ரோமாபுரிக்குப் பறந்து போய்விட்டன, ஈஸ்டர் அன்று முட்டைகளோடு திரும்பி வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்களாம். அதனால் எங்கள் அண்ணை ஒவ்வொரு போத்தில் லேபலிலும் போல்பொயின்ற் பேனையால் சிறகு வைத்த மணி ஒன்று வரைவார். அது சிறகு முளைத்த கத்தரிக்காய் மாதிரித்தான் இருக்கும். என்ன இருக்கிறதென்று சொல்லச் சொன்னவர் அல்லவா, அதையும் சொன்னேன். இரண்டாம் வருஷம் கத்தரிக்காய் கொஞ்சம் நீண்டிருந்தது.

அவருடைய குணத்தை ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னால், பொறுப்பார் என்று சொல்வேன். எதையும் அதற்குரிய நாளுக்கு முன்னால் திறக்க மாட்டார். ஊரிலிருந்து மனைவி எழுதும் கடிதங்கள் கிழமையில் எந்த நாள் வந்தாலும் ஞாயிறு பூசை முடியும்வரை பிரிட்ஜின் மேல் கிடக்கும். திங்கட்கிழமை வந்த கடிதம் ஆறு நாள் அங்கே இருக்கும். அவர் அதைக் கடந்து போய்ப் பால் எடுப்பார், தண்ணீர் எடுப்பார், நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். என் மனைவிக்கு அதைக் கண்டால் கை துடிக்கும். திறந்தால் என்ன அண்ணை, சாபமோ என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். “இன்னும் நாள் வரேல்லைப் பிள்ளை” என்றார். பிறந்தநாளுக்கு நாங்கள் இரண்டு நாள் முந்திக் கொடுத்த ஸ்வெற்றரை, வெளியே மைனஸ் இருபது அடிக்கும்போதும், பொதியோடு கதிரையில் வைத்துவிட்டுப் பழைய ஜக்கெற்றோடு வேலைக்குப் போன மனிதர்.

அந்தக் கடிதங்களை எழுதிய அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்காவைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். பத்து வருஷம் பிரிவு. பத்து வருஷத்தில் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடக்கூடிய நிலை வந்த பிறகும் அக்கா வர ஒப்பவில்லை. காரணத்தை ஒரு சனிக்கிழமை, நான் நாக்கு வேலை முடித்த பிறகு, அவரே சொன்னார்.

கல்யாணமான புதிதில் மாமனார் ஒரு வெளிநாட்டுப் பிறண்டிப் போத்தில் வைத்திருந்தார். பேரப்பிள்ளை பிறந்தால் திறப்பதற்கென்று அலுமாரியில் பத்திரப்படுத்தியது. மருமகன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்துவிட்டு, பால் விடாத பிளேன் ரீயை ஊற்றி மூடி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்துக்குச் சுவாமியாரும் ஊர்ப் பெரியவர்களும் வந்திருந்தார்கள். மாமனார் போத்திலைத் திறந்து முதல் கிளாசைச் சுவாமியாருக்கு ஊற்றினார். சுவாமியார் ஒரு மிடறு குடித்துவிட்டு, பிள்ளையின் தாயைப் பார்த்து, சீனி இருந்தால் கொஞ்சம் போடு மகள் என்றாராம்.

இதுவரை சொல்லும்போது அண்ணை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அந்தப் பிள்ளை மூன்று மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது என்றார். அன்றைக்கும் அவர் வெறியில் கிடந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அழுதார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் வெறும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அக்கா எழுதிய நிபந்தனை ஒன்றுதான்: வந்த வீட்டில் இவர் குடிக்கிறார் என்று தெரிந்தால், வந்த சூட்கேசோடு திரும்பிப் போய்விடுவேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். வராமல் தப்ப முடியாது.

நாக்கு வேலையில் எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. சனிக்கிழமை தோறும் அவர் ஒரு போத்தில் திறப்பார். நான் ஒரு தம்ளர் குடித்து, நுரை எப்படி, கசப்பு எங்கே நிற்கிறது, இனிப்பு மிச்சமுண்டா என்று சொல்வேன். அவர் ஒரு கொப்பியில் எழுதுவார். பிறகு மிச்சத்தைச் சிங்கில் ஊற்றிவிடுவார். திறந்த போத்தில் வீட்டில் இருக்கக் கூடாதாம். அந்த அமிர்தம் சிங்குக்குள் சுழன்று போவதைப் பார்க்கிறபோது எனக்கு வயிறு எரியும். மூன்றாம் வருஷம் அவர் சீனிக்குப் பதில் பனங்கட்டி போட்டிருந்தார். அந்த வருஷத்துப் பியரை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த வருஷம்தான் எங்கள் தொழிற்சாலையில் என்னை லே ஓவ் பண்ணி வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மனைவி வேலைக்குப் போய்விடுவாள், நான் பகல் முழுக்க வீட்டில். வெடித்த அனுபவத்துக்குப் பிறகு போத்தில்களைக் குளிராக வைத்திருக்க வேண்டும் என்று அண்ணை தன் பல்கனிக் கதவைப் பகலில் இரண்டு மணி நேரம் திறந்து வைப்பது வழக்கம். நீர் சும்மாதானே இருக்கிறீர் என்று வீட்டுத் திறப்பைத் தந்துவிட்டு வேலைக்குப் போனார். நம்பித் தந்த திறப்பு.

முதல் நாள் கதவைத் திறந்தேன், இரண்டு மணி நேரம் கழித்து மூடினேன். இரண்டாம் நாளும் அப்படியே. நாலாம் நாள், கசப்பு சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிடுவோம், சனிக்கிழமை வரை எதற்கு அண்ணையை மினக்கெடுத்துவான் என்று எனக்கே ஒரு நியாயம் சொன்னேன். அன்று சிங்குக்கு ஒரு சொட்டும் போகவில்லை. பத்து நாளில் ஆறு போத்தில். நாற்பத்தெட்டில் ஆறு குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். யோசித்தேன். யோசனை எங்கிருந்து வந்திருக்கும் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். வீட்டில் நல்ல சாயத்தோடு பிளேன் ரீ போட்டு, ஆறவைத்து, அதே போத்தில்களில் ஊற்றி, அவருடைய மூடி அடிக்கும் கருவியாலேயே மூடி, இரண்டாவது பெட்டியின் அடி வரிசையில் வைத்தேன். ஈஸ்டர் அன்று அந்த அடி வரிசையை எனக்கே கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது திட்டம். லே ஓவ் வந்ததும் தேயிலை வேகமாக முடிகிறது என்று மனைவி சொன்னாள்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை வந்தது, ஞாயிறு வரை பிரிட்ஜின் மேல் கிடந்தது. ஞாயிறு அவர் திறந்து படித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து கடிதத்தை என் கையில் தந்துவிட்டுக் கதிரையில் இருந்தார். அக்கா மனம் மாறிவிட்டா. அண்ணை முன்பே போட்டிருந்த ஸ்பொன்சருக்கு விசா கையில் கிடைத்துவிட்டது. புதன்கிழமை பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறா. செவ்வாயே திறந்திருந்தால் எட்டு நாள் இருந்திருக்கும், இப்போது மூன்று நாள். என் மனைவி அவரைத் திட்டிக்கொண்டே போய் அவருடைய வீட்டைக் கழுவிக் கொடுத்தாள்.

நான் அவரைத் தனியே கூப்பிட்டு, இரண்டு பெட்டியையும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்கிறேன் என்றேன். வெளியே பார்க்க அது உதவி. உள்ளே எனக்கு வேறு அவசரம்.

“வேண்டாம். ஒளிச்சு வைச்சுத்தான் நான் கெட்டனான். இனி ஒண்டையும் ஒளிக்க மாட்டன். அவ வந்து பாக்கட்டும்.”

அக்கா வந்தா. சின்ன உருவம், நிமிர்ந்த நடை, கறுப்புச் சூட்கேஸ் ஒன்று. வந்து அரை மணி நேரத்தில் குளோசற்றைத் திறந்து பார்த்தாவாம். அண்ணை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்: ஈஸ்டருக்கு மட்டும் ஒரு கிளாஸ், விபூதிப் புதன் மூடியது நாற்பத்தெட்டு, பக்கத்து வீட்டுத் தம்பி ருசி பார்க்கத் திறந்தது நாலு, மிச்சம் நாற்பத்து நாலு இருக்க வேண்டும், நான் தொட்டதில்லை. அக்கா எண்ணிப் பார்த்தா. நாற்பத்து நாலு. சரி என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. உயிர்த்த ஞாயிறு வரட்டும் பாப்பம் என்று சொல்லிவிட்டு, சூட்கேசைத் திறக்காமல் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டா. உடுக்க இரண்டு சீலை கைப்பையில் இருந்தது. அதையே மாறி மாறித் தோய்த்து உடுத்தா. மனுசனுக்குப் பொருத்தமான மனுசிதான் என்று என் மனைவி சொன்னாள்.

இரண்டரைக் கிழமை நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை. திறப்பு இப்போது என்னிடம் இல்லை, அக்கா வந்ததோடு சனிக்கிழமை ருசி பார்ப்பதும் நின்றுவிட்டது. அக்கா பகல் முழுக்க வீட்டில். இருந்தாலும் அடி வரிசை அடி வரிசையாகத்தானே இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பெரிய வெள்ளிக்கு முதல்நாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, குளோசற் ஒரே தூசி, எல்லாப் போத்திலையும் வெளியே எடுத்துத் துடைத்து மாற்றி அடுக்கினேன் என்று சாதாரணமாகச் சொன்னா. என் மனைவி கொடுத்த வடையைக் கடிக்காமல் திரும்பத் தட்டில் வைத்தேன்.

அண்ணையிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒருநாள் அவர் வீட்டு வாசல்வரை போனேன். அவர் கதவைத் திறந்து, என்ன தம்பி, ஏதும் சொல்ல வேணுமோ என்று கேட்டார். சீனி இருந்தால் கொஞ்சம் தாங்கோ என்று வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

உயிர்த்த ஞாயிறு காலை. பூசையால் வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். மேசையில் இடியப்பம், சொதி, கோழிக் கறி. ஹோலின் மூலையில் இரண்டு பெட்டி பியர், மற்ற வீட்டுக்காரர்கள் பதினொரு மணிக்கு வந்து தங்கள் பங்கை எடுப்பார்கள். அண்ணை வெள்ளைச் சேட்டும் நாங்கள் கொடுத்த ஸ்வெற்றரும் போட்டிருந்தார். ஒரே ஒரு கிளாசைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தார். பிறகு அக்காவிடம், நீரே ஒன்றை எடுத்துத் தாரும் என்றார்.

முப்பத்தெட்டு பியர், ஆறு தேத்தண்ணி. எனக்குத் தெரிந்த தெய்வங்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். வேதக்காரருடைய வீடு என்பதால் அவர்களுடைய மாதாவையும் கூப்பிட்டேன். அக்கா குனிந்து, நடுவிலிருந்து ஒன்றை எடுத்தா.

மூடி கழன்றது. ‘சீ’ என்ற அந்தச் சத்தம் வரவில்லை. அண்ணை ஊற்றினார். நுரை இல்லாத சிவந்த தண்ணீர் கிளாசில் நிரம்பியது. அக்கா கிளாசை எடுத்து மணந்து பார்த்தா.

“பிளேன் ரீ” என்றா. பிறகு மெல்ல, “அப்பாவின்ர பிறண்டி மாதிரி.”

நான் அண்ணையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தாலே போதும், எல்லாம் தெரிந்திருக்கும். போத்திலைக் கையில் பிடித்தபடி சும்மா நின்றார். அக்கா கிளாசை மேசையில் வைத்துவிட்டு அறைப் பக்கம் நடந்தா. “சூட்கேசைத் திறக்காமல் விட்டது நல்லதாப் போச்சு” என்று அவ சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

பக்கத்தில் என் மனைவி இருக்கிறாள். சொன்னால் வீட்டில் எனக்கு ஒரு வருஷத்துக்குக் குறையாத கச்சேரி. சொல்லாவிட்டால் இந்த மனுசன் பத்து வருஷம் பொறுத்தது என்னால் போகும்.

“அக்கா, அது நான்” என்றேன்.

அவ நின்றா. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். திறப்பு, பல்கனிக் கதவு, பத்து நாள், தேத்தண்ணி, மூடி. நடுவில் என் மனைவி தொடையில் கிள்ளியது எலும்பு வரை போனது. கோயிலில் வேதக்காரர் பாவசங்கீர்த்தனம் செய்வதற்கு ஒரு மறைப்பாவது உண்டாம். எனக்கு அதுவும் இல்லை.

“எத்தினை?”

“ஆறு.”

“இவர் எத்தினை?”

“ஒண்டும் இல்லை அக்கா. மூண்டு வருஷமா நான் பக்கத்திலை இருக்கிறன். ஈஸ்டருக்கு ஒரு கிளாஸ். அவ்வளவுதான்.”

“இந்தத் தேத்தண்ணி வேலை உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?”

“அண்ணை சொன்ன கதையிலை இருந்து எடுத்தனான். சுவாமியார் சீனி கேட்ட கதை.”

அக்காவின் முகம் மாறியது. “அதை இவர் வாய் திறந்து சொன்னவரோ?”

“சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொன்னவர். பிறகு பிள்ளையைப் பற்றிச் சொல்லேக்கை அழுதவர்.”

அக்கா அண்ணையை நெடுநேரம் பார்த்தா. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவ திரும்பி வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு போத்திலாக யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. மிச்ச ஐந்தையும் கண்டுபிடித்து, திறந்ததோடு சேர்த்து என் முன்னால் வரிசையாக வைத்தா. இது உங்கட, வீட்டை கொண்டுபோய்க் குடியுங்கோ என்றா. அப்போதுதான் அவவின் உதட்டு ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. என் மனைவி அந்த ஆறையும் என்னைக் குடிக்க வைத்தாள். ஒரு மாதமாக மூடிக் கிடந்த தேத்தண்ணி எப்படி இருக்கும் என்பதை நான் இங்கே எழுதவில்லை.

அக்கா வேறொரு போத்திலை எடுத்துக் கொடுத்தா. இந்தத் தடவை மூடி கழன்ற சத்தம் எனக்குக் கோயில் மணி மாதிரிக் கேட்டது. நுரை பொங்கிக் கிளாசின் விளிம்பைத் தாண்டி மேசையில் வழிந்தது. அக்கா கிளாசை அண்ணையின் கையில் கொடுத்துவிட்டு, அறைக்குள் போனா.

அண்ணை கிளாசோடு பல்கனிக்கு வந்தார். நானும் பின்னால் போனேன். ஏப்ரல் மாதக் குளிர், கீழே புல்லில் பனி அங்கங்கே கிடந்தது. அவர் குடிக்கவில்லை. நுரை அடங்குவதைப் பார்த்தபடி நின்றார்.

மன்னியுங்கோ அண்ணை என்றேன். தலையை ஆட்டினார்.

“எனக்கு முந்தியே தெரியும். பியர் போத்தில் எண்டா அடியிலை மண்டி இருக்கும். ஆறிலை மண்டி இல்லை. அவ வர முந்தியே பாத்திட்டன்.”

தெரிந்துகொண்டா இரண்டரைக் கிழமை இருந்தார்? அக்கா போய்விடுவா என்று தெரிந்துமா? பிறகேன் என்னிடம் கேட்கவில்லை, அக்காவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நான் சொன்னா அவ நம்பியிருப்பாவோ? ஆறையும் தூக்கி எறிஞ்சாலும் எண்ணிக்கை பிழைக்கும்.” கிளாசை வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். “மூடினது நீர். நீர்தான் திறக்கவேணும். வாசல்வரைக்கும் ஒருக்கா வந்தனீர்தானே. இன்னும் நாள் வரேல்லை எண்டு விட்டிட்டன்.”

கிளாஸ் அவருடைய கையிலேயே இருந்தது. யாருக்காகக் காத்திருக்கிறார் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை.

உள்ளே அறையில் ‘டக், டக்’ என்று இரண்டு சத்தம் கேட்டது. சூட்கேசின் பூட்டு. பிறகு குளோசற் கதவு திறந்தது. போத்தில்கள் போன வெற்றிடத்தில் அக்கா சீலைகளை ஒவ்வொன்றாகக் கொழுவும் சத்தம் வந்தது. அந்தச் சீலைகளில் கொத்தமல்லி மணம் மாதக் கணக்காகப் போகவில்லை என்று பிறகு என் மனைவியிடம் குறைப்பட்டிருக்கிறா.

அண்ணை கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு குடித்தார். மூன்று வருஷமாக அவர் என்னைக் கேட்ட கேள்வியை அன்று நான் அவரிடம் கேட்டேன். எப்பிடி அண்ணை?

என்ன இருக்கிறதென்று சொல்வார், இனிப்பு நிற்கிறது என்றோ கசப்பு காணாது என்றோ சொல்வார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“நல்லா இருக்கு” என்றார்.